குழந்தைக்குச் செயற்கைக் கால்: எந்த உதவியை எந்த அலுவலகத்தில் கேட்பது?

புற்றுநோய் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு உண்டு என்பது இன்று பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால், எலும்புப் புற்றுநோயால் காலை இழந்த ஒரு குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போதுதான் அடுத்த கேள்வி வருகிறது. "ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. இனி பிள்ளை நடக்கணுமே, அந்தக் காலுக்கு யார் பணம் தருவாங்க?"

இந்த இடத்தில்தான் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டிக் கேட்கிறார்கள், "இது அதில் வராது" என்று பதில் வருகிறது. அதோடு எல்லா வழியும் அடைந்துவிட்டது என்று நினைத்து, நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ தனியார் கடையில் கால் வாங்குகிறார்கள். ஒரு வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. கால் பொருந்தவில்லை. கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதைத் தவிர்க்க ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நோய்க்கான சிகிச்சைக்கு உதவுவது ஒரு துறை, செயற்கைக் கால் தருவது வேறு துறை. முதலாவது மக்கள் நல்வாழ்வுத் துறையின் காப்பீட்டுத் திட்டம். இரண்டாவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. ஒரு அலுவலகத்தில் "இல்லை" என்றால் உதவியே இல்லை என்று அர்த்தமில்லை, அடுத்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்றுதான் அர்த்தம். அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், எந்த நோயில் இப்படி நேர்கிறது?

குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வரும் எலும்புப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஆஸ்டியோசார்கோமா. பிள்ளைகள் மளமளவென்று உயரம் வளரும் 10 முதல் 20 வயதுக்குள் இது அதிகம் வருகிறது. முழங்காலைச் சுற்றி, அதாவது தொடை எலும்பின் கீழ்ப்பகுதியிலும் கணைக்கால் எலும்பின் மேல்பகுதியிலும்தான் பெரும்பாலும் தொடங்கும்.

விளையாடும்போது அடிபட்டிருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அடிபட்ட வலி நாளாக ஆகக் குறையும். இந்த வலி குறையாது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும், வீக்கமும் கூடிக்கொண்டே போகும். இரண்டு மூன்று வாரமாகியும் வலியும் வீக்கமும் போகவில்லை என்றால் எண்ணெய் போட்டு உருவுவதும் கட்டுப் போடுவதும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரோடு காலையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

இன்று எல்லோருக்கும் காலை அகற்றுவதில்லை. முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைக் கட்டுப்படுத்தி, பாதித்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே உலோக எலும்பும் மூட்டும் பொருத்தும் அறுவை சிகிச்சை பல குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. கட்டி ரத்தக்குழாயையும் நரம்பையும் சூழ்ந்துவிட்டால், அல்லது கிருமித்தொற்று போன்ற காரணங்கள் இருந்தால், காலை அகற்றுவதே பாதுகாப்பு என்று மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பணம் யார் தருவார்கள் என்பதையும் மாற்றுகிறது. உடலுக்கு உள்ளே பொருத்தும் உலோக மூட்டு, அறுவை சிகிச்சையின் ஒரு பகுதி. அதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும். வெளியே மாட்டிக் கழற்றும் செயற்கைக் கால், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி உபகரணம். அதற்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போக வேண்டும்.

சிகிச்சைச் செலவு: காப்பீட்டுத் திட்டம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். 2018 முதல் இத்திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படுகிறது. திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் அட்டையைப் பயன்படுத்தலாம்.

அட்டை இன்னும் எடுக்கவில்லையா? குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். போகும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: நோயுற்ற குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா? பிறந்து பல வருடமாகியும் பெயர் சேர்க்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. அவசர நேரத்தில் இதனாலேயே நாட்கள் வீணாகின்றன.

வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதால் காப்பீடு கிடைக்கவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற காப்பீட்டு அட்டை கட்டாயமில்லை. காப்பீடு பற்றிய சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

அடுத்த படி: சான்றிதழும் அடையாள அட்டையும்

செயற்கைக் கால், உதவித்தொகை, பயணச் சலுகை என்று எதைக் கேட்டாலும் முதலில் கேட்கப்படுவது மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத பாதிப்பு இருக்க வேண்டும். முழங்காலுக்கு மேலோ கீழோ கால் அகற்றப்பட்டவர்கள் இந்த அளவைத் தாண்டிவிடுவார்கள்.

இங்கே பெற்றோருக்கு அதிகம் தெரியாத ஒரு விதி இருக்கிறது. சான்றிதழுக்கு உங்கள் சொந்த மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. குழந்தை சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடமும் விண்ணப்பிக்கலாம். குழந்தை சார்பாகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பித்தால் போதும்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? கீமோ நடக்கும்போது குழந்தையின் ரத்த அணுக்கள் குறைந்திருக்கும். கூட்டமான முகாமில் மணிக்கணக்கில் உட்கார வைத்தால் தொற்று வரும் ஆபத்து உண்டு. ஊருக்குத் திரும்பிய பிறகு பஸ் ஏறி அலைவதை விட, மருத்துவமனையில் இருக்கும்போதே அங்குள்ள மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் வாங்குவது எளிது. கீமோ முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் முன் வார்டு மருத்துவரிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ இப்படிக் கேளுங்கள்: "மாற்றுத்திறனாளி சான்றிதழ் இங்கேயே போட்டுத் தருவீங்களா சார்? போர்டு என்னைக்கு உட்காரும்?"

விண்ணப்பத்தை 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் பதிவு செய்யலாம். இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். குழந்தையின் ஆதார், புகைப்படம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை தேவை. இதன் முடிவில் கிடைப்பது நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை. ஆபீஸில் இதை 'யூ.டி.ஐ.டி. கார்டு' என்பார்கள்.

செயற்கைக் கால் எங்கே கிடைக்கும்?

அட்டை கைக்கு வந்ததும் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் செயற்கைக் கால் கேட்டு விண்ணப்பியுங்கள். மாநில அரசின் திட்டத்தில் செயற்கை அவயவங்கள் விலையில்லாமல் வழங்கப்படுகின்றன. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் அளவெடுப்பது, பொருத்துவது, நடைப்பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நடக்கின்றன. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செயற்கை அவயவப் பிரிவுகள் உள்ளன. உங்களுக்கு அருகில் எது என்று நல அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இதோடு மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டமும் உண்டு. உதவி உபகரணங்கள் வாங்க மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் திட்டம் இது. 1981 முதல் நடைமுறையில் இருக்கிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம் உபகரணங்களைத் தயாரித்து, முகாம்கள் மூலம் வழங்குகிறது. செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசு நிறுவனத்தையும் அணுகலாம்.

இந்தத் திட்டத்தின் வருமான வரம்பைக் கவனியுங்கள். குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் வருமானம் கணக்கில் எடுக்கப்படும்.

* மாத வருமானம் 22,500 ரூபாய் வரை: திட்டத்தின் உச்சவரம்புக்கு உட்பட்டு முழு உதவி.
* 22,501 முதல் 30,000 ரூபாய் வரை: பாதி உதவி.

ஒரு உதாரணம் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன், மனைவி. இருவருக்கும் சேர்த்து மாதம் 20,000 ரூபாய் வருகிறது. ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு 1,20,000 என்பதால் அவர்களுக்கு அந்த அட்டை கிடைக்காது. "நமக்கு எதுவுமே கிடைக்காது போல" என்று அவர்கள் ஒதுங்கிவிட்டால் அது தப்பு. செயற்கைக் காலுக்கான மாத வரம்பு 22,500. ஆண்டுக் கணக்கில் 2,70,000. அதாவது காப்பீட்டுக்குத் தகுதியில்லாத இதே குடும்பம் செயற்கைக் காலுக்கு முழு உதவி பெறலாம். ஒரு திட்டத்தின் வரம்பை இன்னொரு திட்டத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

வளரும் பிள்ளைக்கு ஒரு கால் போதாது

பெரியவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தினால் பழுதாகும்வரை சில ஆண்டுகள் ஓடும். குழந்தைக்கு அப்படியல்ல. உயரம் கூடும். தொடை பருக்கும். கீமோ காலத்தில் இளைத்த உடம்பு, சிகிச்சை முடிந்ததும் தேறும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு மாற்றம் தேவைப்படும்.

செயற்கைக் காலில் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. உடம்போடு பொருந்தும் கிண்ணம் போன்ற பகுதியை 'சாக்கெட்' என்பார்கள். அதற்குக் கீழே தண்டும், முழங்காலுக்கு மேல் அகற்றியவர்களுக்கு மூட்டும் இருக்கும். கடைசியில் பாதம். பிள்ளை வளரும்போது எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. உயரம் கூடினால் தண்டின் நீளத்தைக் கூட்டலாம். இறுக்கமானால் சாக்கெட்டை மட்டும் புதிதாகச் செய்யலாம். அதனால் பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றக்கூடிய 'மாடுலர்' வகைக் கால் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் ஒருமுறை உதவி பெற்றால், அதே தேவைக்கு அடுத்த உதவி பெற 3 ஆண்டு இடைவெளி வேண்டும். ஆனால் 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த இடைவெளி 1 ஆண்டுதான். பிள்ளைகள் வளர்வார்கள் என்பதற்காகவே இந்தச் சலுகை. பல பெற்றோருக்கு இது தெரியாமல், பொருந்தாத காலையே மூன்று வருடம் மாட்டிவிடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு 12 வயது ஆகவில்லை என்றால் ஒரு வருடம் முடிந்ததும் தயங்காமல் திரும்ப விண்ணப்பியுங்கள்.

12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் அதிகம், இடைவெளியும் அதிகம். அவர்களுக்கு இடையில் தேவைப்படும் சாக்கெட் மாற்றம், பழுது நீக்கம் ஆகியவற்றை, கால் பொருத்திய மையத்திலேயே செய்து தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. மத்திய அரசின் திட்டம் போக மாநில அரசின் திட்டமும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கை. முகாமில் தரும் காலை, மாட்டி நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வராதீர்கள். வலிக்கிறது, கழல்கிறது, ஒரு பக்கம் சாய்கிறது என்றால் அங்கேயே சொல்லுங்கள். "இலவசமாத் தர்றாங்க, குறை சொல்லக் கூடாது" என்று நினைக்க வேண்டாம். பொருந்தாத காலை வாங்கிவிட்டால், அந்த உதவியை நீங்கள் பெற்றதாகவே கணக்கு. பிள்ளை அதை மாட்டாமல் மூலையில் வைத்துவிட்டால் யாருக்கும் பயனில்லை.

விலை உயர்ந்த கால் வாங்கலாமா?

செயற்கைக் கால்களின் விலை சில ஆயிரத்தில் தொடங்கிப் பல லட்சம் வரை போகிறது. விலை கூடக்கூடப் பிள்ளை நன்றாக நடக்கும் என்று சொல்ல முடியாது. வளரும் குழந்தைக்கு முதல் காலில் வேண்டியது மூன்று விஷயங்கள்: சரியாகப் பொருந்தும் சாக்கெட், குறைந்த எடை, பக்கத்தில் பழுதுபார்க்க ஒரு ஆள்.

ஜெய்ப்பூர் கால் இதற்கு நல்ல உதாரணம். 1960களின் கடைசியில் ராஜஸ்தானில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. ரப்பரால் ஆன பாதம். செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணம் போடலாம், வயல் சேற்றிலும் இறங்கலாம். நம்மூர் வாழ்க்கைக்குப் பொருந்தும் என்பதால் குறைந்த விலையிலேயே லட்சக்கணக்கானவர்களை நடக்க வைத்திருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு விலை உயர்ந்த வகைதான் தேவை என்று மருத்துவர் சொன்னால், அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீட்டுச் சீட்டையும் இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். திங்கள்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதைத் தரலாம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அரசுத் திட்டங்களில் செயற்கைக் கால் பெற யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை.

கால் வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை

அகற்றியதுபோக மீதமிருக்கும் பகுதியை மருத்துவமனையில் 'ஸ்டம்ப்' என்பார்கள். புண் ஆறி, வீக்கம் வடிந்த பிறகுதான் கால் பொருத்த அளவெடுப்பார்கள். கீமோ நடக்கும் குழந்தைகளுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம். அந்தக் காலத்தை வீணாக்காமல் இதையெல்லாம் கவனியுங்கள்:

* பாவமாக இருக்கிறதே என்று ஸ்டம்புக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல கால் கிடைத்தாலும் நிமிர்ந்து நடக்க முடியாது.
* மருத்துவர் அனுமதித்தால், தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். இடுப்பு மூட்டு நேராக இருக்கும்.
* எலாஸ்டிக் கட்டுப் போடும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வீக்கம் வடிந்து, ஸ்டம்ப் நல்ல வடிவத்துக்கு வர இது உதவும்.
* "இல்லாத கால் வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்னால் நடிக்கிறது என்று நினைக்காதீர்கள். அகற்றிய காலில் வலி தெரிவது உண்மையான பிரச்சினை. மருந்தும் பயிற்சியும் உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கால் பொருத்திய பிறகு, தினமும் இரவில் ஸ்டம்பை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். சிவந்திருந்தாலோ கொப்புளம் வந்தாலோ காலை மாட்டாமல், பொருத்திய மையத்துக்குப் போங்கள். குழந்தைகளுக்கு ஸ்டம்பின் நுனியில் எலும்பு கூராக வளர்ந்து தோலைக் குத்துவதும் உண்டு. நுனியில் வலி என்று சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய்ப் பிரிவில் சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போவதையும் விட்டுவிடக் கூடாது. நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதற்காகச் சிகிச்சை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணை இழந்த குழந்தைகளுக்கு

ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருகிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது இதன் முக்கிய அறிகுறி. உயிரைக் காக்கச் சில குழந்தைகளுக்குக் கண்ணை அகற்ற நேரிடும். அவர்களுக்கும் முகம் வளர வளரச் செயற்கைக் கண்ணை மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு கண்ணை இழந்து மற்றொரு கண்ணில் பார்வை நன்றாக இருந்தால், மத்திய அரசின் மதிப்பீட்டு விதிகளில் பாதிப்பு 30 சதவீதம் என்றே வரும். 40 சதவீதம் தேவைப்படும் திட்டங்களில் இந்தக் குழந்தைகள் சேர முடியாது. அதனால் செயற்கைக் கண்ணுக்கான உதவியை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனையிலேயே, டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்பது அவசியம். கிடைக்கவில்லை என்றால், மேலே சொன்னபடி ஆட்சியரிடம் மனுவும் பொது நிவாரண நிதி விண்ணப்பமும் கொடுக்கலாம்.

பயணமும் பள்ளியும்

சிகிச்சைக்குப் போய்வரும் செலவே பல குடும்பங்களுக்குப் பெரும் சுமை. ரயிலில் சிகிச்சைக்காகவும் மறுபரிசோதனைக்காகவும் போகும் புற்றுநோயாளிகளுக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் முழுச் சலுகை உண்டு. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவரிடம் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுன்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். நம் மாநிலத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களின் உதவியாளரும் 2021 முதல் கட்டணமின்றிப் பயணிக்கலாம்.

பள்ளி விஷயத்தில், "முழுசா சரியாகட்டும், அப்புறம் அனுப்பலாம்" என்று வருடத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 40 சதவீதத்துக்கு மேல் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். வட்டார வள மையங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களிலும் உதவி உபகரணங்களுக்குப் பரிந்துரை பெறலாம். தலைமையாசிரியரிடம் பேசி, வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்கும் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தோம். அரசு செயற்கைக் கால் கிடைக்குமா?*
கிடைக்கும். எங்கே அறுவை சிகிச்சை செய்தீர்கள் என்பது தடையில்லை. சான்றிதழை மட்டும் அரசு மருத்துவக் குழுவிடம் பெற வேண்டும்.

*கடன் வாங்கிக் கால் வாங்கிவிட்டோம். இனி விண்ணப்பிக்க முடியாதா?*
முடியும். அரசிடமோ உள்ளாட்சி, தொண்டு அமைப்புகளிடமோ உதவி பெற்றிருந்தால்தான் ஏ.டி.ஐ.பி.யின் இடைவெளி விதி வரும். சொந்தப் பணத்தில் வாங்கியது அதில் சேராது.

*விண்ணப்பித்துப் பல மாதமாகியும் பதில் இல்லை. என்ன செய்வது?*
விண்ணப்பம் கொடுக்கும்போதே ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். அந்த எண்ணைச் சொல்லி முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணில் புகார் பதியலாம்.

ஒரே ஃபைலில் இவற்றை வையுங்கள்

1. டிஸ்சார்ஜ் சம்மரி, திசுப் பரிசோதனை முடிவு (பிரதிகள் ஐந்து)
2. செயற்கைக் கால் தேவை என்ற மருத்துவரின் பரிந்துரைக் கடிதம்
3. மாற்றுத்திறனாளி சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை
4. குழந்தையின் பெயர் உள்ள குடும்ப அட்டை
5. குழந்தை, பெற்றோர் ஆதார்
6. வருமானச் சான்று (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்)
7. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள்
8. பள்ளியில் படிப்பதற்கான சான்று
9. கடைசியாகக் கால் பெற்ற தேதி குறித்த சீட்டு

ஒன்பதாவதை மறக்காதீர்கள். அடுத்த காலுக்கு எப்போது கேட்கலாம் என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும். வீட்டுக் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில உதவி எண் 1800 425 0111. மருத்துவ ஆலோசனைக்கு 104. உங்கள் தெருவிலோ பிள்ளையின் பள்ளியிலோ இப்படி ஒரு குடும்பம் இருந்தால், இந்த எண்களை அவர்களுக்கு இன்றே அனுப்புங்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே தெரிந்தால் அவர்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.